பெற்றோர் அறியாத பிள்ளை

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு பிள்ளை பேச்சிழந்து ஒதுங்கி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வீட்டின் கவலையைச் சுமக்கும் பிள்ளையே பல வேளைகளில் பாடத்திலும் பின்தங்கி விடுகின்றது. அத்தகைய மாணவர் ஒருவரையே திருத்தந்தை 14ஆம் லியோ 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று அவரோடு புனிதரான கார்லோ அக்குத்திஸை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். பியர் ஜோர்ஜியோ பிராசாத்தியை அவ்வளவாக அறியார்.

வட இத்தாலியின் டூரின் நகரில் 1901 ஏப்ரல் 6ஆம் திகதி, பெரிய சனியன்று அவர் பிறந்தார். தந்தை அல்பிரெடோ 'லா ஸ்தாம்பா' என்னும் நாளேட்டின் உரிமையாளர். 1920 முதல் 1922 வரை ஜெர்மனியில் இத்தாலியின் தூதுவர். முசோலினி ஆட்சியைக் கைப்பற்றியதும் அப்பதவியைத் துறந்த நேர்மையாளர், ஆயினும் இறைநம்பிக்கையற்றவர். தாய் அடலெய்ட் ஓவியர். அவ்வீட்டில் செல்வம் இருந்தது, மதிப்பு இருந்தது, கணவன் மனைவிக்கிடையே அன்பு மட்டும் வற்றிப்போயிருந்தது. பியர் ஜோர்ஜியோவும் தங்கை லூசியானாவும் அந்த மௌனத்தின் நடுவிலேயே வளர்ந்தனர்.

படிப்பும் அவருக்கு எளிதாக வரவில்லை. இலத்தீன் பாடத்தில் சித்தியடையத் தவறியதால், 1913இல் இயேசு சபையினரின் பாடசாலைக்கு மாற்றப்பட்டார். பெற்றோருக்கு அது அவமானம். ஆனால் அங்கேதான் அவர் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளத் தொடங்கினார். 1918இல் டூரின் பொலிடெக்னிக்கில் சுரங்கப் பொறியியல் கற்கச் சேர்ந்தார். தொழிலாளருள் மிகவும் கடினமான வாழ்வு வாழ்ந்த சுரங்கத் தொழிலாளரிடையே பணிபுரிய வேண்டும் என்பதே நோக்கம். ஏழு ஆண்டுகள் அப்படிப்போடு போராடினார். அவர் சோம்பேறி அல்லர். மற்றவர் விரைவில் விளங்கிக் கொள்வதை அவர் பலமுறை படித்தே விளங்கிக் கொண்டார். தந்தையின் தூதுவர் பணியை ஒட்டி ஜெர்மன் மொழி பயிலச் சென்றபோது, பிரைபேர்க் நகரில் ராணர் குடும்பத்தாரின் இல்லத்தில் தங்கினார். இறையியல் மாணவர் எவரும் அறிந்த கார்ல் ராணர் பிறந்த குடும்பம் அது. மேதை ஒருவர் உருவான வீட்டில் இந்த மெதுவான மாணவரும் விருந்தினராய் இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி!

படிப்புக்கு இடையே, புனித வின்சன்ட் டி போல் சபையின் உறுப்பினராக டூரினின் ஏழைகளின் வீடுகளுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றார். டிராம் வண்டிக்கான காசை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு உணவு வேளைக்கு வீடு திரும்ப ஓடுவார். பிந்தி வந்தால் கண்டிப்புக் கிடைக்கும். காரணத்தை மட்டும் சொல்லமாட்டார். கையாலாகாத பிள்ளை என்று வீட்டார் எண்ணிக் கொண்டனர். இவற்றைப் படித்துவிட்டு அவரை முகம் வாடிய ஒருவராக எண்ணிவிடாதீர்கள். மலையேறுவதில் பெருவிருப்பம் உடையவர்; 1924இல் நண்பர்களோடு அமைத்த குழுவுக்குச் 'சந்தேகப் பேர்வழிகள்' என்னும் பொருள்பட வேடிக்கைப் பெயர் வைத்தவர்.

அந்த நண்பர் வட்டத்தில் லோரா ஹிடால்கோ என்ற பெண்ணை அவர் ஆழமாக நேசித்தார். வீட்டார் அவளை ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெற்றோரோ பிரிவின் விளிம்பில் நின்றனர். ஒரு குடும்பத்தை உடைத்து இன்னொரு குடும்பத்தைக் கட்டுவது தகாது என்று தீர்மானித்து, அந்த அன்பை அவளிடம் சொல்லாமலேயே விட்டுவிட்டார். 1925 ஜனவரியில் லூசியானா போலந்து நாட்டு இராஜதந்திரி ஒருவரை மணந்து புறப்பட்டபோது, புகையிரத நிலையத்தில் அவர் கதறி அழுதார். இனி அந்தப் பெற்றோரிடையே அவர் ஒருவர் மட்டுமே. ஜூனில், பட்டம் பெற்றதும் நாளேட்டின் நிர்வாகத்தில் சேர வேண்டும் என்னும் தந்தையின் விருப்பம் இன்னொருவர் வாயிலாக அவருக்கு எட்டியது. சுரங்கத் தொழிலாளர் பற்றிய கனவை ஒதுக்கிவைத்து அதற்கும் இசைந்தார்.

இது கோழைத்தனம் அல்லவா என்று உங்களில் சிலர் கேட்கலாம். 1924இல் பாசிசவாதிகள் வீட்டினுள் புகுந்தபோது அவர்களைத் தனியே எதிர்த்து விரட்டியவர் அவர். அஞ்சி இணங்கும் இயல்பு அவரிடம் இருக்கவில்லை. தாய் தந்தையர் ஒன்றாய் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் செலுத்திய விலை அது என்றே நான் கருதுகின்றேன். அந்த விலை மிகையானதா என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

பட்டத்துக்கு மிகச் சில பரீட்சைகளே எஞ்சியிருந்தன. ஜூன் இறுதியில் அம்மம்மா லிந்தா மரணப்படுக்கையில் இருந்தார். வீடு முழுவதும் அவர் கட்டிலைச் சூழ்ந்திருந்தது. அதே நாட்களில் பியர் ஜோர்ஜியோவுக்குத் தலைவலியும் காய்ச்சலும் கண்டன. சாதாரணக் காய்ச்சல் என்று எவரும் பொருட்படுத்தவில்லை. வேண்டிய நேரத்தில் உதவாமல் படுத்துக்கொண்டான் என்ற குறையும் அவர் காதில் விழுந்தது. ஜூலை முதலாம் திகதி அம்மம்மா காலமானார். அருகில் சென்று செபிக்க எழுந்த பேரன், நடைபாதையில் விழுந்து விழுந்து எழுந்தார். கால்கள் செயலிழந்து கொண்டிருந்தன. அதையும் அவர் முறையிடவில்லை. மருத்துவர்கள் அது போலியோ என்று கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது. பாரிஸிலிருந்து வரவேண்டிய மருந்து உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

3ஆம் திகதி, செயலிழந்து வந்த கையால் நண்பர் ஒருவருக்குச் சில வரிகள் எழுதினார். எழுத்துகள் கோணலாய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஓர் ஏழை நோயாளிக்குச் சேரவேண்டிய ஊசிமருந்து பற்றியும், இன்னொருவரின் அடகுச்சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்க வேண்டியது பற்றியுமே அதில் எழுதியிருந்தார். மறுநாள் மாலை, 24ஆவது வயதில் உயிர் துறந்தார்.

ஜூலை 6ஆம் திகதி அடக்கத் திருப்பலிக்குச் செல்வாக்குள்ள குடும்பங்கள் வரும் என்று வீட்டார் எதிர்பார்த்தனர். அவர்களும் வந்தனர். ஆனால் தெருவை நிறைத்து நின்றவர்கள் டூரின் நகரத்து ஏழைகள். அவர்களுள் பலருக்கு அவர் யாருடைய மகன் என்பதே அன்றுதான் தெரிந்தது. பெற்றோருக்கோ தம் மகன் யார் என்பது அன்றுதான் தெரிந்தது. பிந்தி வந்த மாலைகளில் அவன் எங்கே இருந்தான் என்பதை அந்த முகங்கள் தெரிவித்தன.

பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1990 மே 20ஆம் திகதி அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். தங்கை லூசியானா நூறு வயதைக் கடந்து 2007 வரை வாழ்ந்து, அண்ணனின் வாழ்வைப் பல நூல்களில் பதிவு செய்தார். அல்பிரெடோவும் அடலெய்டும் பிரியவில்லை. மகனை அடக்கம் செய்த பின்னரும் அவர்கள் ஒரே வீட்டிலேயே வாழ்ந்தனர்.