ஒளியால் எழுதிய மலை: லின்னேயஸ் டிரைப் (1822–1902)

மலைக்கோட்டையைப் பாடாத திருச்சிக் கவிஞர் அரியர். அம்மலையை ஒளியால் எழுதிச் சென்ற ஒருவரை நம்மில் பலர் அறியார். கும்பினியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவரே அவர்.

1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்த டிரைப், 1839-இல் கும்பினிப் படையில் சேர்ந்தார். நீண்ட விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோது புகைப்படக் கலை அவரை ஆட்கொண்டது. 1853-இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். பெங்களூருக்குத் திரும்பியவர், 1854 இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமாக்கினார். மறு ஆண்டு பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பயணமானார். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது.

1857 இறுதியில், வடநாட்டில் கிளர்ச்சித் தீ அடங்காதிருந்த வேளையில், டிரைப்பின் தென்னகப் பயணம் தொடங்கிற்று. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனப் பல ஊர்களைக் கண்டு, 1858-இல் ஊர்வாரியாகத் தொகுப்புகள் வெளியிட்டார். அவற்றுள் திருச்சிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்திற்கு ஒன்று.

அரசு கேட்டது ஆவணம். டிரைப் தந்ததோ அதனினும் மேலானது. மெழுகூட்டிய பெரிய தாள்களே அவருடைய எதிர்ப்படிகள். அவற்றில் வானம் கறைபட்டு வெறுமையாய் விழும். டிரைப் தூரிகை எடுத்து, எதிர்ப்படியின் மீதே முகில்களைத் தீட்டினார். காற்றில் கலைந்த இலைகளுக்கும் உருக் கொடுத்தார். பதிவு செய்யும் கருவியை அவர் ஓவியனின் கையாக மாற்றியது இவ்வாறுதான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டி இணைத்தமை அவருடைய பொறுமைக்குச் சான்று.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அத்தாள்களில் உருப் பதிய நெடுநேரம் வேண்டும். அசையாதது நிற்கும், நடந்தவர் மறைவர். ஆதலின் அவர் படங்களிற் பல ஆளரவமற்றுக் கிடக்கின்றன. கல்லைக் கணக்கெடுக்க விரும்பிய ஆட்சிக்கு அவ்வெறுமை குறையாகத் தோன்றியிராது. வீதியில் வாழ்ந்த மக்களின் வழிவந்த நமக்கு அது உறுத்துகிறது. அழகும் இழப்பும் ஒரே படத்தில் உறைவதை உணர்ந்தே இவற்றைக் காண வேண்டும்.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இப்பணியை அரசுக்கு ஒவ்வாத ஆடம்பரமெனக் கருதினார். 1860-இல் எல்லாம் முடிவுற்றது. அதன்பின் டிரைப் மீண்டும் படைப்பணிக்கே திரும்பினார். எடுத்த படங்கள் மிகச் சிலவே. அவருடைய கலைவாழ்வின் செழுமை ஆறே ஆண்டுகளில் அடங்கிவிட்டது. பிறந்த மண்ணிலேயே 1902-இல் மறைந்தார். 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் அருங்காட்சியகங்கள் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது உலகம் அவரை மீண்டும் கண்டது.

டிரைப் வந்த நாளில் ஸ்ரீரங்கத்து இராயகோபுரம் முற்றுப்பெறாது மொட்டையாய் நின்றது. 1987-இல் அது 13 நிலைகளோடு நிறைவெய்தியது. அவர் தாளில் தங்காது போன மனிதர்களோ இன்னும் நிறைவு பெறவில்லை. அவ்வீதிகளில் நடந்தோரையும், பேசியோரையும், சுமை தூக்கியோரையும் சொல்லில் நிறுத்துவது இவ்வூர்க் கவிஞர்க்கு எஞ்சியுள்ள பணியாகும்.