புகையிலைச் சாற்றில் ஒரு புதிர்

நான் இந்தக் கல்லூரியில் படித்தது மெக்கானிக்கல். செடிக்கு வரும் வியாதி பற்றி இவன் எழுதுவதா என்று கூடப்படித்தவர்கள் கேட்கலாம். நான் சொல்லப்போகிறவரும் இன்ஜினியரிங் படித்தவர்தாங்க!

மார்ட்டினஸ் பெய்யெரிங்க் 1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. தொழில் நொடித்துப் போனது. மகன் 1872-ல் டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் கெமிக்கல் இன்ஜினியரானார். பிறகு வாகனிங்கன் விவசாயப் பள்ளியில் ஆசிரியர் வேலை. அங்கே உடன் பணியாற்றிய அடோல்ஃப் மேயர், இலை திட்டுத்திட்டாக வெளிறும் புகையிலை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயுற்ற இலைச் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் அதற்கும் நோய் வந்தது. ஆனால் கிருமி அகப்படவில்லை. 1887-ல் பெய்யெரிங்கும் தேடினார், தோல்விதான்.

அதோடு விட்டுவிடவில்லை மனிதர். 1895-ல் டெல்ஃப்டிலேயே பேராசிரியரானதும், 1897-ல் மறுபடி ஆரம்பித்தார். பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் சாற்றை வடித்தார். வடித்த சாறும் நோயைக் கொடுத்தது! வெறும் விஷமாக இருக்குமோ? விஷமென்றால் செடிக்குச் செடி மாற்ற மாற்ற நீர்த்துப் போகணுமே! துளி சாறு எத்தனையோ செடிகளை வரிசையாகப் பிடித்தது. ஆக, அது பெருகுகிறது. அதுவும் வளரும் செடியின் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே. 1898-ல் இதை வெளியிட்டு, வைரஸ் என்றும் குறிப்பிட்டார். வடிகட்டிச் சோதனையை ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி 1892-லேயே செய்திருந்தார் என்று தெரிந்ததும், முதலிடம் அவருக்கே என்று ஒப்புக்கொண்டார். மாணவர்களிடம் சிடுசிடுப்பவர் என்று பெயரெடுத்தவரின் நேர்மை இது.

வைரஸைத் திரவம் என்று அவர் நினைத்தது மட்டும் சரியில்லை. அது நுண்ணிய குச்சி வடிவத் துகள் என்பதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் 1939-ல் காட்டியது. அவரோ 1931-லேயே காலமாகிவிட்டார்.

செடியின் செல்களுக்கு நடுவே நுண்ணிய வழிகள் உண்டு. இந்த வைரஸ் தானே ஒரு புரதத்தைத் தயாரித்து, அந்த வழியை அகலமாக்கிப் பக்கத்து செல்லுக்குப் போகிறது என்பது 1980-களில் தெரியவந்தது. பிறகு உணவு கடத்தும் குழாயில் ஏறிக் குருத்துவரை போய்விடும். செல்லுக்குள் குடியேறியதை மருந்தடித்து விரட்ட வயலில் வழியில்லை. அதனால்தான் நோயுற்ற செடியைப் பிடுங்குவதும், கையையும் கத்தியையும் கழுவுவதும், எதிர்ப்புள்ள ரகம் நடுவதும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ப்ராஜெக்ட் வரவில்லையென்றால் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெய்யெரிங்க் பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்.