கடலைத் தாண்டியது... தரையில் உடைந்தது! யார் இந்த லூயி பிளேரியோ?

ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் லூயி பிளேரியோ. ஆனா, அந்தச் சாதனைப் பயணம் எப்படி முடிஞ்சது தெரியுமா? சக்கர அமைப்பு நொறுங்கி, ப்ரொப்பல்லர் பிளேடு முறிந்துதான்!

யார் இவர்?

1872-ல் பிரான்ஸின் கம்பிரே நகரில் பிறந்தவர். இன்ஜினியரிங் படித்துவிட்டு, கார் ஹெட்லைட் தயாரித்து நன்றாகவே சம்பாதித்தார். அதையெல்லாம் விமானத்தில் கொட்டினார். தானே கட்டுவார், ஓட்டுவார், விழுவார், மறுபடி கட்டுவார். 1909-ல் 11-வது மாடல் தயாரானபோது கையில் காசு கிட்டத்தட்ட காலி.

சக்கரத்தில் என்ன ஸ்பெஷல்?

அப்போது ஓடுதளம் கிடையாது, புல்வெளிதான். அதனால் சக்கரங்களுக்கு ஷாக் அப்சார்பர் வைத்தார். தரையில் மோதும்போது சக்கரம் மேலே ஏறும். அந்த வேகத்தை இழுபடும் ரப்பர் வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டுக் காற்றில் இறங்கினாலும் சமாளிக்க, சக்கரங்கள் திரும்பும்படியும் அமைத்தார்.

இங்கேதான் சிக்கல். சக்கரம் மேலே ஏறினால் விமானத்தின் மூக்கு கீழே இறங்கும். ப்ரொப்பல்லர் இருப்பதோ மூக்கில். அதன் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். அடி ரொம்ப பலமா இருந்தா? பிளேடு தரையில் மோதிவிடும்.

அன்று நடந்தது என்ன?

1909 ஜூலை 25, அதிகாலை. ஆறு நாள் முன்புதான் போட்டியாளர் ஹ்யூபர்ட் லாதம் கடலில் இறங்க நேர்ந்தது. பிளேரியோவுக்கோ காலில் தீக்காயம், ஊன்றுகோலோடு வந்து ஏறினார். கலே அருகே கிளம்பி, சுமார் 36 நிமிடத்தில் இங்கிலாந்தின் டோவர் கோட்டை அருகே வந்துவிட்டார். காற்று புரட்டிப் போட, சுமார் 20 மீட்டர் உயரத்தில் இன்ஜினை நிறுத்தினார். விமானம் தொப்பென்று இறங்கியது. அடி விமானத்துக்கு, ஆளுக்குக் காயமில்லை.

1,000 பவுண்டு பரிசு கிடைத்தது. 100-க்கும் மேற்பட்ட விமானங்களுக்கு ஆர்டர் குவிந்தது. திவாலாக இருந்தவர் தொழிலதிபர் ஆனார்.

இன்றைக்கும் இதே கணக்குதான்!

வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் இன்றும் அளப்பது இந்த இடைவெளியைத்தான். மூக்குச் சக்கர விமானத்துக்கு 7 அங்குலம், வால் சக்கர விமானத்துக்கு 9 அங்குலம் என்பது அமெரிக்க விமான விதிகளில் நெடுங்காலம் இருந்த அளவு. டயரில் காற்று இறங்கி, ஷாக் அப்சார்பர் முழுசா அமுங்கினாலும் பிளேடு தரையைத் தொடக்கூடாது என்றும் அதே விதி சொன்னது.

பிளேரியோ 1936-ல் பாரிஸில் காலமானார். கால்வாயைக் கடந்த அந்த விமானம் இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.