சீன தேசத்தைச் சுமந்த மனிதர்

தூர தேசத்தின்மேல் ஆசை வைப்பது ரொம்ப சுலபம். படம் பார்க்கலாம், புத்தகம் படிக்கலாம். ஆனால் அந்த ஆசை நம்மிடம் விலை கேட்டால்?

ஹட்சன் டெய்லர் 1832-ல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பிறக்குமுன்பே பெற்றோர் அவரைச் சீனாவுக்கென்று ஜெபத்தில் ஒப்புக்கொடுத்திருந்தார்கள். இது மகனுக்குத் தெரியாது. சீனா போய்த் திரும்பின பிறகுதான் தெரிந்தது! ஆனாலும் சின்ன வயசிலேயே அவர் மனசு முழுக்க சீனாதான்.

1849-ல், 17 வயதில் இரட்சிக்கப்பட்டார். உடனே சீனாவைப் பற்றி மெட்ஹர்ஸ்ட் எழுதிய புத்தகத்தை ஒரு போதகரிடம் இரவல் வாங்கிப் படித்தார். கையில் அகராதி கிடையாது. சீன மொழி லூக்கா சுவிசேஷத்தை ஆங்கில வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே எழுத்துக்களைக் கற்றார். மருத்துவமும் படித்தார்.

1853-ல் கப்பலேறி, ஐந்து மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1854 மார்ச் 1-ந் தேதி ஷாங்காயில் இறங்கினார். அடுத்த வருஷம் தலையின் முன்பக்கத்தைச் சிரைத்து, சடை வைத்து, சீன உடை உடுத்தினார். வெள்ளைக்காரர்கள் கேலி பண்ணினார்கள். அவர் அசையவில்லை.

1865-ல் எழுதிய புத்தகத்தில் அந்த தேசத்தின் பழமையையும் பரப்பையும் காட்டி, புராட்டஸ்டன்ட் மிஷனரி ஒருவர்கூட இல்லாத 11 உள்நாட்டு மாகாணங்களுக்காக மன்றாடினார். அதே வருஷம் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். வங்கியில் போட்டது வெறும் 10 பவுண்டுதான்!

சீன சரித்திரம் அறிந்தவருக்குத் தன் தேசத்தின் பாவமும் தெரிந்தது. நம் இந்தியாவில் விளைந்த அபினைப் பிரிட்டிஷார் அங்கே கொண்டுபோய் விற்றார்கள். அதற்காக யுத்தமும் செய்தார்கள். பிரிட்டிஷ்காரரான டெய்லரோ அந்த வியாபாரத்தைத் துணிந்து எதிர்த்தார்.

விலையும் கொடுத்தார். சீன மண்ணிலே மூன்று பிள்ளைகளை இழந்தார். 1870-ல் மனைவி மரியாளும் 33 வயதில் மரித்தார். 1900-ல் பாக்ஸர் கலகத்தில் அவருடைய மிஷனைச் சேர்ந்த பெரியவர்கள் 58 பேரும், பிள்ளைகள் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். நஷ்டஈடு வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நேசித்த ஜனத்திடம் கணக்குப் பார்க்க மனசில்லை.

1905 ஜூன் 3-ந் தேதி, அந்த 11 மாகாணங்களில் ஒன்றான ஹூனானில், சாங்ஷா நகரில் மரித்தார். ஜென்ஜியாங்கில், மரியாளின் கல்லறை அருகே அடக்கம்பண்ணினார்கள். அப்போது மிஷனில் 800-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள்.

அன்பானவர்களே, இரவல் புத்தகத்தில் வளர்ந்த ஆசை அந்த மண்ணிலே விதையாய் விழுந்தது. உங்கள் இருதயத்தில் எந்த தேசம் இருக்கிறது? அதற்காக எதைக் கொடுப்பீர்கள்?