வேலூரில் விளக்கேற்றிய ஐடா ஸ்கடர் அம்மையார்

எங்கள் திருத்தணியில் யாருக்கேனும் கடுமையான நோய் என்றால், வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். தமிழரும், எல்லைக்கு அப்பாலுள்ள தெலுங்கு மக்களும் நம்பிக்கையோடு நாடிச் செல்லும் அந்தக் கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவியவர் ஒரு பெண்மணி என்பது பெண்களாகிய எங்களுக்குப் பெருமை அளிக்கிறது.

ஐடா அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஓர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவர்கள். ஆனால் அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடாவுக்கு, இந்தியாவில் தொண்டு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லை. தாயார் நோயுற்றதால்தான் 1890-இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு அவர் வாழ்வை மாற்றியது. ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், இன்னுமோர் இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தனர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு ஐடா மன்றாடினார். ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிவிட்டனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

உறக்கமின்றிச் செபித்த ஐடா, தாம் மருத்துவராவது என்று உறுதி பூண்டார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். துயரத்திலும் துவளாமல் பணியைத் தொடர்ந்தார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

இங்கே நாங்கள் ஊன்றிக் கவனித்தது ஒன்று உண்டு. எல்லா நோயாளிகளையும் தாம் ஒருவரே காப்பாற்றிவிடலாம் என்று அம்மையார் எண்ணவில்லை. இரண்டு கைகளால் இயலாததைப் பல கைகளிடம் ஒப்படைத்தார். 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி, ஏழைகளுக்கு மருந்தளிக்கும் பணியையும் நடத்தினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. முதல் ஆண்டே 151 பேர் விண்ணப்பித்தனர். இடமின்மையால் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

ஓய்வையும் அவர் வெறுக்கவில்லை. டென்னிஸ் ஆடினார், தோட்டம் வளர்த்தார். 1946-இல் பொறுப்பைத் துறந்து கோடைக்கானல் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், 89-ஆம் வயதில், அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவர் தொடங்கிய பணியோ நிற்கவில்லை.

அன்புத் தோழியரே! இரக்கம் என்பது நம்மையே வருத்தி அழித்துக்கொள்வதன்று. வீட்டில் நோயுற்றோரைப் பேணும்போதும், தோழியின் துயரைக் கேட்கும்போதும், நம்மால் இயன்றதை முழு மனத்தோடு செய்வோம். இயலாததற்குப் பெற்றோரையும் அருட்சகோதரிகளையும் துணைக்கு அழைப்போம். மீதியை இயேசு பெருமானின் திருக்கரங்களில் வைத்து, நிம்மதியாய் உறங்கி, மறுநாள் புத்துணர்வோடு எழுவோம். மூன்று மரணங்களைக் கண்ட ஓர் இளம்பெண் ஒரு மருத்துவமனையையே எழுப்பினார் என்றால், நம்பிக்கை இழக்க நமக்குக் காரணமேது?