கொசுவை ஆராய்ந்த மருத்துவ மேதை சர் ரொனால்டு ராஸ்

உருவத்தில் சிறியது என்று எதையும் இகழலாகாது என நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். அரிசி மணியளவே உள்ள கொசு, பெரும் படைகளையே படுக்கையில் கிடத்தியதுண்டு. அதன் வயிற்றில் மறைந்திருந்த உண்மையை நம் இந்திய மண்ணிலேயே கண்டறிந்தவர் சர் ரொனால்டு ராஸ்.

இவர் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். கவிதையும் ஓவியமும் இசையுமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆனால், தந்தையின் விருப்பப்படி மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்களும் அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்தவையே.

பெங்களூரில் பணியாற்றியபோது அவரது வீட்டில் கொசுத் தொல்லை மிகுந்திருந்தது. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அத்தொட்டியைக் கவிழ்த்தார். கொசுக்கள் வெகுவாகக் குறைந்தன. இச்சிறு நிகழ்ச்சி பிற்காலத்தில் அவருக்கு நன்கு பயன்பட்டது.

அக்காலத்தில் மலேரியா கெட்ட காற்றால் வருவதாகவே மக்கள் நம்பினர். 1880இல் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். அது உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. கொசுவே காரணமாக இருக்கலாம் என்று 1894இல் இலண்டனில் ராஸுக்கு எடுத்துரைத்தவர் பாட்ரிக் மான்சன்.

1895இல் இந்தியா திரும்பிய ராஸ், செகந்திராபாத்தில் ஆய்வைத் தொடங்கினார். கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தும் பயனில்லை. அவர் ஆராய்ந்தவை மலேரியாவைப் பரப்பாத இனங்கள். இடையில் உதகைக்குச் சென்றவர், சீகூர் மலைச்சரிவில் ஆராயப் போய்த் தாமே மலேரியாவிற்கு ஆளானார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் கடுங்கோடையிலும் விசிறியை நிறுத்தி வைத்தார்.

1897 ஆகஸ்டு மாதம், சிறகில் புள்ளிகள் கொண்ட வேறோர் இனக் கொசுக்கள் கிடைத்தன. அவற்றை உசேன் கான் என்னும் நோயாளியின் மீது கடிக்கவிட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்டு 20ஆம் நாள், அக்கொசுக்களுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட வட்ட அணுக்களைக் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவ்வணுக்கள் மேலும் வளர்ந்திருந்தன. அவர் தேடிய ஒட்டுண்ணி அதுவே!

அந்த வெற்றிக்குப் பின் அவர் மலேரியா அதிகமில்லாத கேர்வாராவிற்கு மாற்றப்பட்டதால் ஆய்வு தடைப்பட்டது. பின்னர் 1898இல் கல்கத்தாவில், முகமது பக்ஸ் என்னும் உதவியாளரின் துணையோடு பறவைகளை வைத்து ஆராய்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது உடலுக்குள் செல்கிறது என மெய்ப்பித்தார். அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர் கிராசி குழுவினர், மனிதரிடையே இந்நோயைப் பரப்புவது அனாபிலிஸ் கொசு என்று நிறுவினர். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவிலும் மொரீசியசிலும் கொசு ஒழிப்பிற்காக உழைத்த அவர், 1932 செப்டம்பர் 16ஆம் நாள் மறைந்தார்.

ராஸின் பெயரை உலகம் அறியும். ஓர் அணாவிற்காகக் காய்ச்சலோடு கைநீட்டிய உசேன் கானை அறிந்தவர் எத்தனை பேர்? அவரையும், உடன் உழைத்த முகமது பக்ஸையும் நன்றியோடு நினைப்பது நம் கடமையன்றோ!

இன்றும் மலேரியா ஒழிந்துவிடவில்லை. 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் இந்நோயால் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத ஆப்பிரிக்கக் குழந்தைகள். நம் ஊர்க் கிணறுகளும் மாடித் தொட்டிகளும், தண்ணீர் வராத நாளுக்கென நாம் நிரப்பி வைக்கும் அண்டாக்களும் கொசுவிற்கு நல்ல தொட்டில்கள். ஆகவே தோழியரே, தண்ணீரை மூடி வைப்போம். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் காயவைப்போம். பெங்களூரில் ராஸ் கவிழ்த்த தொட்டி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே!