கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் பிறந்த மூளை வைத்தியர்



சீர்காழி என்று சொன்னவுடன் நமக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தர் வருவார். கோயில் ஒலிபெருக்கியில் வெண்கலக் குரல் கேட்டால் சீர்காழி கோவிந்தராஜன் வருவார். நம்ம சிதம்பரத்தில் பஸ் ஏறி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் அந்த ஊர் வந்துவிடும். சுமார் 20 கிலோமீட்டர்தான். அந்த ஊரில் பிறந்த இன்னொருவரைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுதப் போகிறேன். அவர் பாடகர் இல்லை, புலவர் இல்லை. மனிதனின் மண்டை ஓட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் மூளைக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் பெயர் டாக்டர் பி. ராமமூர்த்தி.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மூளை வைத்தியரிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன கிராமம். அப்பா கொத்து வேலை செய்கிறார். அம்மா நடவு, களைபறிப்புக்குப் போகிறார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். எனக்கு ஒரு தங்கச்சி உண்டு. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் பிரேயரில் நின்றவள் அப்படியே விழுந்துவிட்டாள். கை கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை தள்ளியது. ஓடி வந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். காத்து கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தோம், கயிறு கட்டினோம், கடன் வாங்கி இரண்டு கோயிலுக்குப் போய் வந்தோம். வலிப்பு மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்காரவே பிள்ளைகள் பயப்படுவதாகச் சொல்லி, அவளைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பார்த்த டாக்டர் அம்மா, இது பேயும் இல்லை, பாவமும் இல்லை, மூளையில் ஓடும் மின்சாரத்தில் வரும் கோளாறு என்று விளக்கினார்கள். மாத்திரை எழுதும்போதே, இந்த மாதிரி வைத்தியத்தைச் சென்னையில் வளர்த்தவர் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான் என்று ராமமூர்த்தி பெயரையும் சொன்னார்கள். அன்றைக்கு மனசில் விழுந்த பெயர். பிறகு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன்.

ராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி சீர்காழியில் பிறந்தார். அப்போது சீர்காழி தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா ஒரு டாக்டர். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் அல்ல அவர். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த பாதையில் அவருக்கு முன்னால் நடந்தவர்கள் நாட்டிலேயே இரண்டு பேர், மூன்று பேர் இருந்தால் அதிகம். அந்த வகையில் அவரும் ஒரு முதல் தலைமுறைதான்!

1835இல் தொடங்கப்பட்ட சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் வாங்கினார். பிறகு கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். நியூகாசில் நகரத்தில் ரோபாதம் என்ற மூளை அறுவை நிபுணரிடம் தொழில் கற்றார். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரத்துக்கும் போய் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மேதையிடம் கொஞ்ச காலம் இருந்தார்.

இந்த பென்ஃபீல்டைப் பற்றி இரண்டு வரி சொல்லியே ஆக வேண்டும். வலிப்பு நோயாளிகளுக்கு மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தவர் அவர். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார்! ஆச்சரியமாக இருக்கிறதா? தோலுக்கும் மண்டைக்கும் மரத்துப்போகிற ஊசி போட்டால் போதும். உடம்பின் வலியை எல்லாம் உணர்கிற மூளைக்கு, தன்னைத் தொட்டால் வலி தெரியாது. ரொம்பச் சிறிய மின்சாரத்தை மூளையின் ஒவ்வொரு இடத்திலும் கொடுத்துப் பார்ப்பார். ஓர் இடத்தில் தொட்டால் கட்டைவிரல் அசையும், இன்னோர் இடத்தில் தொட்டால் பேச்சு நின்றுபோகும். இப்படித் தொட்டுத் தொட்டே மூளைக்கு ஒரு வரைபடம் போட்டுவிட்டார். 1934இல் அவர் தொடங்கிய நிலையத்தில் நோயாளிக்கு வைத்தியமும், மாணவருக்குப் பாடமும், ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இதே போன்ற ஒன்றைச் சென்னையிலும் கட்டி எழுப்புவதே ராமமூர்த்தியின் வாழ்நாள் வேலையாக ஆனது.

வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் திரும்பி வந்தார். 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை, நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. அதற்கு முந்தைய வருஷம்தான், 1949இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் பிரிவைத் தொடங்கியிருந்தார். ஆக, இந்தியாவில் இந்த வைத்தியத்தின் முதல் இரண்டு விளக்குகளும் நம் தமிழ்நாட்டில்தான் ஏற்றப்பட்டன! 1951இல் இவர்கள் இருவரும், டாக்டர் எஸ்.டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாலே பேர்! ஒரு சங்கம் தொடங்க நாலு பேர் போதும் என்பதை நம் மாணவர் சங்கத் தோழர்களும் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மூளை ஆபரேஷன் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இன்றைக்கு ஸ்கேன் எடுத்தால் மூளை துண்டு துண்டாகப் படத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த சி.டி. ஸ்கேன் மனிதருக்கு முதன்முதலில் எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில். 1950இல் வெறும் எக்ஸ்ரேதான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. அதனால் மண்டையில் சிறு துளை போட்டு, உள்ளே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். இல்லையென்றால் கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். காற்று எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ரத்தக்குழாய் எங்கே வளைந்திருக்கிறது என்று பார்த்து, கட்டி இந்த இடத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட வேண்டும். கணக்குத் தப்பினால் உயிர் தப்பாது.

இங்கே வந்த நோய்களும் வெள்ளைக்காரர் புத்தகத்தில் எழுதியிருந்தது போல இல்லை. மூளைக்குள் கட்டி என்று வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இருந்தது புற்றுநோய் அல்ல, காசநோய்க் கட்டி! நுரையீரலைத் தின்னும் அதே காசநோய்க் கிருமி மூளையிலும் முடிச்சாக உட்கார்ந்து வலிப்பை உண்டாக்கும். இது ஏழைகளின் நோய். ராமமூர்த்தியும் அவருடன் இருந்தவர்களும் நம்ம ஊர் நோயாளிகளைப் பார்த்து, நம்ம ஊர்க் கணக்கை எழுதி வெளியிட்டார்கள். காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்த பிறகு பலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போனது. அடுத்தவன் புத்தகத்தைப் படிப்பதோடு நிற்காமல், நம்ம ஊர் விஷயத்துக்கு நாமே புத்தகம் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பிற்பாடு 1980இல் டில்லி டாக்டர் பி.என். டாண்டனுடன் சேர்ந்து, நரம்பியல் அறுவை மாணவர்களுக்கான பெரிய பாடப் புத்தகத்தையே பதிப்பித்தார்.

இனி நம்ம துறை விஷயத்துக்கு வருகிறேன். ஒர்க்ஷாப்பில் ஜிக்கு எதற்கு வைக்கிறோம்? கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் டிரில் சரியான புள்ளியில் இறங்கத்தானே? மூளைக்கும் அதே மாதிரி ஒரு ஜிக்கு உண்டு! ஓர் உலோகச் சட்டத்தை மண்டையோட்டில் அசையாமல் பொருத்துவார்கள். எக்ஸ்ரே எடுத்து நீளம், அகலம், ஆழம் என மூன்று அளவுகளையும் குறிப்பார்கள். பிறகு ஒரு சின்ன துளை வழியாக மெல்லிய ஊசியை மூளையின் ஆழத்தில் அந்த ஒரே புள்ளிக்குக் கொண்டு போவார்கள். உயர் அதிர்வெண் மின்சாரத்தால் அந்தப் புள்ளியை மட்டும் சூடாக்கினால், பார்க்கின்சன் நோயாளியின் ஓயாத கை நடுக்கம் அடங்கும். என் அப்பா தூக்குக்குண்டும் நூலும் வைத்துச் சுவர் பிடிக்கிறாரே, அதே தத்துவம்தான். என்ன, இங்கே தப்பு நடந்தால் இடித்துக் கட்ட முடியாது!

1960களில் ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோரின் குழு இந்த வேலையில் உலகம் கவனிக்கிற அளவுக்குப் பெயர் வாங்கியது. இவர்களில் டாக்டர் கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். 1968இல் எம்.சி.எச். பட்டம் பெற்றவர், 2018இல் காலமானார். நம் கல்லூரி மாணவிகள் இந்தப் பெயரை மறக்கக்கூடாது.

ஒரு விஷயத்தையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். கை நடுக்கத்துக்குச் செய்தது போலவே, அடக்க முடியாத மூர்க்கம், போதைப் பழக்கம் இவற்றுக்கும் அந்தக் குழு மூளையில் ஆபரேஷன் செய்தது. அதில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றைக்கு மருந்து குறைவு, உலகத்தின் வேறு இடங்களிலும் இது நடந்தது. இருந்தாலும், தனக்காகப் பேச முடியாதவன் மூளையில் கை வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். இன்றைக்கு அந்த வைத்தியம் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி நோயாளியின் சம்மதமும், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. பெரியவர்கள் செய்தது எல்லாமே சரி என்று நாம் கும்பிட வேண்டியதில்லை. கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை எங்கே பயன்படுத்தலாம் என்பதை மனசாட்சிதான் அளக்க வேண்டும்.

ஒரு வார்டில் தொடங்கிய வேலை வளர்ந்து, 1970களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் நிலையமாக ஆனது. வைத்தியம், ஆராய்ச்சி, பாடம் மூன்றும் ஒரே இடத்தில்! அதுவும் காசு இல்லாதவன் போய் நிற்கிற அரசு ஆஸ்பத்திரியில்! 1970களின் பிற்பகுதியில், டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய அடையாறு தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையில் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையத்தையும் ராமமூர்த்தி உருவாக்கினார். பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. தன் வாழ்க்கைக் கதையை ஆங்கிலத்தில் எழுதி, வழி முழுக்க மேடுதான் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி காலமானார். அவர் காலமான பிறகு பிறந்தவர்கள் நாம். ஆனாலும் அவர் போட்ட பாதையில்தான் நம் வீட்டு நோயாளிகள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

நண்பர்களே, படித்ததோடு விட்டுவிடாமல் சில விஷயங்களை மனசில் வையுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சரியான மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பே வராமல் இருக்க முடியும். ஒரு காலத்தில் வலிப்பைக் காரணம் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாது என்று சொல்லச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999இல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது, நம்ம தெரு மாற வேண்டாமா?

இன்னொன்று. கடலூர் ரோட்டில் பறக்கும் பைக் வீரர்களே! தலையில் அடிபட்டவன் எழுந்து நின்று நன்றாகப் பேசுவான். ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கும் போய்விடுவான். உள்ளே ரத்தம் கசிந்தால் சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வரும். உடனே கொண்டு போனால் பிழைப்பான். தூங்கட்டும் என்று விட்டால் எழுந்திருக்கவே மாட்டான். ஹெல்மெட் போலீசுக்கு இல்லை, தலைக்கு!

என் தங்கச்சி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். தினமும் ராத்திரி சாப்பிட்டவுடன் அப்பாதான் மாத்திரை எடுத்துத் தருகிறார். அவருக்கு அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரியாது. நிறத்தை வைத்து அடையாளம் வைத்திருக்கிறார். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. வலிப்பு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் வீணானாலும் வேறு பள்ளியில் சேர்த்தோம். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. முதல் பெஞ்சில் உட்காருகிறாள், பக்கத்தில் இரண்டு தோழிகளும் உட்காருகிறார்கள். போன மாசம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சீர்காழி போயிருந்தோம். இந்த ஊரில்தான் அந்த டாக்டர் பிறந்தார் என்று அவளிடம் சொன்னேன். அவள் பஸ் ஸ்டாண்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, அவருக்கு இங்கே சிலை இல்லையா அண்ணே என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சிலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, நீ நல்லா இருக்கியே அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.



இறுதியாண்டு, இயந்திரவியல் துறை